பித்தப்பை அகற்றி 14 மாதங்கள் ஆகியும் சாப்பிட்டவுடன் வயிற்றுப்போக்கு: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

கேள்வி: கும்பகோணம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. கும்பகோணம் அருகே ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு பித்தப்பையில் கற்கள் இருப்பது ஸ்கேனில் தெரிந்து, வலியும் அடிக்கடி வந்ததால், லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றினார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாகவே நடந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகு வரை பரவிய அந்தப் பழைய வலி அதன் பிறகு ஒருமுறைகூட வரவில்லை என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

இப்போதைய துன்பம் வேறு. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வயிறு புரட்டத் தொடங்குகிறது. கால் மணி நேரத்துக்குள் கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் தண்ணீராகப் போகிறது, போன இடம் எரிகிறது. காலையில் மட்டும் மூன்று நான்கு முறை இப்படி. வகுப்பின் நடுவில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட முடியாது என்பதால் காலை உணவையே நிறுத்திவிட்டேன். மாலை வீட்டுக்கு வந்ததும் பசி தாளாமல் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். உடனே மறுபடியும் ஓட்டம். தஞ்சாவூருக்குப் பேருந்தில் போக வேண்டும் என்றால் முந்தைய இரவே பட்டினி கிடந்துதான் ஏறுகிறேன். ஆவணி மாதம் நாத்தனார் மகள் திருமணத்தில் சிற்றுண்டிப் பந்தியில் நெய்ப் பொங்கலும் ஒரு வடையும் சாப்பிட்டேன். தாலி கட்டும்போது மேளச் சத்தத்தை மண்டபத்தின் பின்கட்டில் கழிவறைக்குள் இருந்துதான் கேட்டேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னேன். ஸ்கேனும் கல்லீரல் பரிசோதனையும் சரியாக இருப்பதாகவும், போகப் போகச் சரியாகிவிடும் என்றும் சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் செரிமான மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். இரண்டாலும் பலன் இல்லை. பித்தப்பையே இல்லாதவளுக்குப் பித்தம் எப்படி வரும், இது உடல் சூடுதான் என்று மாமியார் ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அதிலும் மாற்றம் இல்லை. இப்போது ரசம் சாதமும் மோரும்தான் என் உணவு. 7 கிலோ எடை குறைந்திருக்கிறது.

மற்ற மருந்துகள்: விடியற்காலையில் தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மூன்று ஆண்டுகளாகச் சாப்பிடுகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரை ஏறியதால் அளவை இரட்டிப்பாக்கி, நாளுக்கு 2,000 மில்லிகிராம் ஆக்கியிருக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் இப்படித்தான் இருக்குமா? இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருந்தால் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

பதில் 1: கோவை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கேள்வியைப் படித்தபோது என்னுடைய இரண்டு ஆண்டுக் கதையை வேறு ஒருவர் எழுதியது போல இருந்தது. அதே நிறம், அதே எரிச்சல், அதே கால் மணி நேரம். நானும் வங்கிக் கிளையில் கழிவறைக்கு அருகில் உள்ள மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலை பார்த்தவன்தான். ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பலருக்கு இதற்கு மருந்து உண்டு. எனக்குக் கேட்டது.

எனக்கு விளக்கிச் சொன்ன குடல் மருத்துவரின் வார்த்தைகளிலேயே எழுதுகிறேன். பித்தநீரைச் சுரப்பது பித்தப்பை அன்று, கல்லீரல்தான். அது நாள்தோறும் ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கிறது. பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லி வரை தேக்கி, கெட்டியாக்கி வைத்துக்கொண்டு, எண்ணெயும் நெய்யும் சேர்ந்த உணவு குடலுக்குள் வரும்போது சுருங்கிப் பீய்ச்சிவிடும். அந்தத் தேக்கத்தை எடுத்துவிட்டால் பித்தநீர் இரவும் பகலும் நேராகச் சிறுகுடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். மடை இல்லாத வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பித்த அமிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் இந்த ஏற்பாடு புதிய நிலைமைக்குப் பழகிவிடுகிறது. என்னைப் போன்ற சிலருக்கு மட்டும் உறிஞ்சக்கூடிய அளவைத் தாண்டிப் பித்த அமிலம் பெருங்குடலில் போய் விழுகிறது. அங்கே அது குடல் சுவரிலிருந்து தண்ணீரை இழுத்து இறக்கி, குடலையும் விரட்டுகிறது. மஞ்சள் பச்சை நிறமும் எரிச்சலும் அதனால்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இதற்குக் கேட்காததன் காரணமும் இதுதான்: அது குறைப்பது இரைப்பை அமிலத்தை, நமக்குத் தொல்லை தருவது பித்த அமிலம்.

பிரிட்டனில் இதை உறுதிப்படுத்த, மிக மெல்லிய கதிரியக்கம் கொண்ட செலினியம் கலந்த மாத்திரை ஒன்றை விழுங்கவைத்து, அன்றும் ஏழாம் நாளும் உடலை ஸ்கேன் செய்து, எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். எனக்கு அதற்கு வழியில்லாததால் மருத்துவர் மருந்தையே சோதனையாகக் கொடுத்தார். கொலஸ்டைரமின் என்ற தூள் அது. உடலுக்குள் உறிஞ்சப்படாமல், குடலிலேயே பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. ஒரு பாக்கெட் 4 கிராம். முதல் நாள் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். ஆற்று மணலைக் கரைத்துக் குடித்தது போல நாக்கிலும் பல்லிலும் ஒட்டிக்கொண்டது. பிறகு நீர்மோரில் கலந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அடியில் தங்கியதையும் இன்னொரு வாய் மோர் ஊற்றி அலசிக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை எழுந்து, சாப்பிட்டு, செய்தித்தாள் முழுவதையும் உட்கார்ந்த இடத்திலேயே படித்து முடித்தேன். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு வாரத்தில் மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் வந்தன. மருத்துவர் அளவைப் பாதியாக்கினார். இப்போது நாலு ஆண்டுகளாக மாலையில் அரைப் பாக்கெட் போதுமானதாக இருக்கிறது. உங்களுக்கு மிக முக்கியமான எச்சரிக்கை: இந்தத் தூள் பித்த அமிலத்தை மட்டும் அல்லாமல் மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும், குறிப்பாகத் தைராய்டு மாத்திரையை. மற்ற மருந்துகளைத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும். மருத்துவச் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள், ஆனால் மருத்துவரிடம் "இது பித்த அமில வயிற்றுப்போக்காக இருக்குமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் கேட்காமல் இருந்துவிட்டேன்.

பதில் 2: மருத்துவமனை உணவியல் பணியாளர், மதுரை

கோவை ஐயா எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் தூளை மட்டும் நம்பி, சாப்பிடும் முறையை இப்படியே விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். அம்மா, உங்கள் உணவு முறையில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்தப் பட்டினிதான். நாள் முழுக்க வெறும் வயிறாக இருந்து மாலையில் ஒரேயடியாகச் சாப்பிடுவது, தேக்கி வைக்கும் பை இல்லாத உடலுக்கு மிகக் கடினமான முறை. குதிரைக்குப் பிறவியிலேயே பித்தப்பை கிடையாது. அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும் பிராணி. நாமும் சில காலம் அப்படிச் சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டு இட்லியை ஒரே நேரத்தில் சாப்பிடாமல், எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒன்று, இடைவேளையில் ஒன்று என்று தொடங்குங்கள்.

எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயிலோ நெய்யிலோ ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. உங்கள் ஒருவருக்கு உரிய எண்ணெயைக் காலையிலேயே நான்கு தேக்கரண்டி அளந்து ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, தாளிப்பு, பொரியல், தோசைக் கல் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுங்கள். மாலைக்குள் கிண்ணம் எப்போது காலியாகிறது என்று பார்த்தாலே பல விஷயம் புரியும். கல்யாணப் பொங்கலில் ஒரு கரண்டிக்குள்ளேயே அந்தக் கிண்ணம் முழுவதும் அடங்கிவிடும். அதன் மேல் வடை வேறு. எண்ணெயை முழுவதுமாக நிறுத்தவும் வேண்டாம். ஏற்கெனவே 7 கிலோ இழந்திருக்கிறீர்கள். பருப்பும், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டையும் இல்லாமல் ரசம் சாதத்திலேயே காலம் தள்ளினால் தசைதான் கரையும்.

தண்ணீரில் கரைந்து கொழகொழப்பாகும் நார்ச்சத்து உங்களுக்கு உதவும். இசப்கோல் என்றால் மலச்சிக்கலுக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைப்பதால் தளர்ந்த மலத்தையும் கெட்டிப்படுத்தும். ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, அது கெட்டியாவதற்குள் குடித்துவிட வேண்டும். ஓட்ஸ், வேகவைத்த கேரட், வெண்டைக்காய், பாசிப்பருப்பு ஆகியவையும் நல்லவை.

இன்னும் இரண்டு கேள்விகள். காலையில் பால் காபி குடிக்கிறீர்களா? காபி குடலை முடுக்கும். பாலில் உள்ள சர்க்கரை நம்மில் பல பெரியவர்களுக்குச் செரிப்பதில்லை. பத்து நாள் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். அடுத்து, சர்க்கரை இல்லாத பிஸ்கட், மிட்டாய் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவையே வயிற்றுப்போக்கை உண்டாக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நல்லது என்று நினைத்து வாங்குவதால் இதைக் கேட்கிறேன். எது சாப்பிட்டீர்கள், எத்தனை நேரம் கழித்துப் போயிற்று என்று இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். கணித ஆசிரியைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பதில் 3: திருநெல்வேலி

அக்கா, உங்களுக்கு இது இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இந்தத் திரியைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன். என் அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்து எட்டு மாதம் கழித்து மேல் வயிற்றில் வலி வந்தது. வாயுத் தொல்லை என்று நாங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் இரவு இரண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடும்படி குளிர் நடுக்கம் கண்டு, காய்ச்சல் அடித்தது. மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது, கண்ணில் மஞ்சள் தெரிந்தது. பித்தநீர் செல்லும் குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் பித்தநாளத்துக்குள் ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. வாய் வழியாகக் குழாய் செலுத்தி அதை எடுத்தார்கள். பித்தப்பையை எடுத்துவிட்டால் இனிக் கல்லே வராது என்று நாங்கள் நம்பியிருந்ததுதான் தாமதத்துக்குக் காரணம். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

பதில் 4: பொது மருத்துவர், சேலம்

திருநெல்வேலி நண்பர் எழுதியது மிகவும் சரி. சாதாரண ஸ்கேனில் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கல் சில நேரம் தெரியாமல் போய்விடும். வலி, மஞ்சள், காய்ச்சல் உள்ளவர்களை நாங்கள் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவது அதனால்தான்.

ஆசிரியை அவர்களே, உங்கள் விவரங்களில் மூன்று இடங்களில் என் கண் நின்றது. முதலாவது மெட்ஃபார்மின். அளவை இரட்டிப்பாக்கியதும் அறுவை சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. இந்த மாத்திரை தன்னளவிலேயே வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியது. பித்த அமிலம் திரும்ப உறிஞ்சப்படுவதையும் அது குறைக்கக்கூடும். பழியெல்லாம் பித்தப்பை மேல் விழுந்து, மாத்திரை கண்ணில் படாமல் போய்விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீங்களாக நிறுத்த வேண்டாம். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியுமா என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள். அவரிடமே வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது குறைவது உண்டு.

இரண்டாவது தைராய்டு. மாத்திரையின் அளவு தேவைக்கு மேல் போனாலும் எடை குறைந்து, மலம் இளகும். மாத்திரை அளவு சரியா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மூன்றாவது அந்த 7 கிலோ. கோவை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் எல்லோருக்கும் மருந்தையே சோதனையாகக் கொடுத்துவிட முடியாது. 47 வயதில் மலம் போகும் முறை மாறி, எடையும் குறைந்திருக்கும்போது, உணவைக் குறைத்ததுதான் காரணம் என்று தோன்றினாலும், ஒருமுறை கொலோனோஸ்கோப்பி (குழாய்க் கருவியால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது) செய்து, குடல் சுவர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சிறு துணுக்குகள் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத குடல் அழற்சி ஒன்று நடுத்தர வயதிலும் அதற்கு மேலும் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அதற்குச் சிகிச்சை வேறு. இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் இன்னும் விரைந்து போக வேண்டும். இவை சரியாக இருந்து, இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பும் மிக அதிகமாக இல்லாமல் இருந்தால், கொலஸ்டைரமின் முயன்று பார்க்கத் தகுந்த மருந்துதான்.

வலி தொடர்பவர்களுக்கும் ஒரு செய்தி. பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் 'ஒடி' (Oddi) என்ற பெயருடைய சுருக்குத்தசை ஒன்று உண்டு. முன்பெல்லாம் பரிசோதனைகள் சரியாக இருந்தும் வலி தீராதவர்களுக்கு அதை வெட்டிவிடுவார்கள். 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், அப்படி வெட்டியவர்களுக்கும், வெட்டியது போலப் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களுக்கும் வலியில் பலன் தரும் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே அந்தச் சிகிச்சையை யாராவது பரிந்துரைத்தால் காரணத்தை விரிவாகக் கேட்டறியுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் வலி மாத்திரையும் இந்தத் தசையை இறுக்கி, பித்தப்பை இல்லாதவர்களுக்குக் கடுமையான மேல் வயிற்று வலியை உண்டாக்கலாம். மருத்துவரிடம் போகும்போது பித்தப்பை எடுத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர், ஒன்பது வாரங்களுக்குப் பிறகு

பதில் எழுதிய அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு குடல் மருத்துவரைப் பார்த்தேன். சேலம் மருத்துவர் சொன்ன மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். கொலோனோஸ்கோப்பியில் எதுவும் இல்லை, துணுக்குப் பரிசோதனையும் சரியாக இருந்தது. டி.எஸ்.எச். சரியான அளவில் இருக்கிறது. பி12 குறைவாக இருந்ததால் ஊசி போடுகிறார்கள். மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றி, அளவை 1,000 ஆகக் குறைத்து, சர்க்கரைக்கு வேறொரு மாத்திரை சேர்த்தார்கள். அந்த மாற்றம் ஒன்றிலேயே நான்கு முறை இரண்டாகிவிட்டது. பாதித் துன்பம் மாத்திரையால் வந்திருக்கிறது என்பதை நினைத்தால் 14 மாதங்கள் வீணாகிவிட்டனவே என்று அழுகை வருகிறது.

ஆனால் எரிச்சலும் அவசரமும் முழுவதும் போகவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டுத் தூளைத் தொடங்கினார்கள். மாலை 5 மணிக்கு மோரில் அரைப் பாக்கெட், இரவு 9 மணிக்குச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும், விடியற்காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். கோவை அண்ணா எழுதியது போலவே மணல்தான், ஆனால் குடித்துவிடுகிறேன். எண்ணெய்க் கிண்ணம் அடுப்பு மேடையில் இருக்கிறது. மாமியார்தான் இப்போது தினமும் அளந்து வைக்கிறார். நோட்டில் எழுதியதில் காபி பிடிபட்டது: காபி குடித்த நாட்களில் பத்தில் எட்டு நாள் அவசரம் வந்திருந்தது. இப்போது காலையில் சுக்கு வெந்நீர்.

சென்ற திங்கட்கிழமை வீட்டில் ஓர் இட்லி சாப்பிட்டுவிட்டு முதல் பாடவேளையை முழுவதும் எடுத்தேன். இடைவேளையில் இன்னொன்று. எடை ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. பேருந்துப் பயணத்துக்கு மட்டும் இன்னும் மனம் துணியவில்லை; மருத்துவரிடம் போகும்போதெல்லாம் கணவர் வண்டியில்தான் அழைத்துச் செல்கிறார்.

ஒரு சந்தேகம் இருக்கிறது. தை மாதம் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் வருகிறது. அன்று பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளைக்கு மட்டும் தூளை முழுப் பாக்கெட்டாகக் குடித்துவிட்டுப் போகலாமா?

பதில்: மருத்துவமனை உணவியல் பணியாளர், மதுரை

அளவைக் கூட்டுவது பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளின் இடைவெளி மாறும் என்பதால் நான் சொல்லக் கூடாது. பந்தியைப் பற்றிச் சொல்கிறேன். புறப்படுவதற்கு முன் வீட்டில் ஓர் இட்லி சாப்பிட்டுவிடுங்கள், பசியோடு இலையில் உட்கார வேண்டாம். இலையில் சாதம், சாம்பார், அவியலில் காய் மட்டும், ரசம், மோர் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பாயசம் ஒரு கரண்டி ருசி பார்க்கலாம், சர்க்கரையையும் மனதில் வைத்துக்கொண்டு. வடையை இலையில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் எப்படி இருந்தது என்று நோட்டில் எழுதி, இங்கும் எழுதுங்கள்.